நிலைக்கதவுக்கு என்ன பூசுவது

786

மொறட்டுவை
9.1.1981

அன்பு மனைவி சுபைறாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் காவலில் நீயும் மகள் நதீராவும் சுகமாய் இருப்பீர்கள் என்ற நினைப்போடு எழுதுகிறேன். என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை.

மகளின் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. நிந்தவூர் ஜெமீலுக்கு அவளைப் பேசி முடித்தது, நம் வளவுக்குள் அவளுக்குக் கட்டும் புதுவீடு கூரை மட்டத்துக்கு வந்தது, எல்லாம் எழுதியிருந்தாள். அல்ஹம்துலில்லாஹ். கடைசியில் இடம் போதாமல் ஓரத்தில் நெருக்கி, 'நிலைக்கதவுக்கு என்ன பூசுறது எண்டு உம்மா கேக்கச் சொன்னா' என்று ஒரு வரி. அந்த வரியை எத்தனை தரம் வாசித்தேன் என்று கேட்காதே. நான் இங்கே வந்து பதினேழு மாதம். மாதம் ஒன்று வீதம் உனக்குப் பதினேழு கடிதம் போட்டிருக்கிறேன். உன்னிடமிருந்து வந்தது இந்த ஒரு கேள்விதான், அதுவும் மகளின் கையெழுத்தில். எனக்கு அது போதும். கேட்டதற்குப் பதில் சொல்வது மரியாதை, ஆகையால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

சூறாவளியில் விழுந்த நம் பலாவைத்தான் றஸாக் ஓடாவி அறுத்துக் கதவாக்கியிருக்கிறார் என்று மகள் எழுதியிருந்தாள். கேட்க நெஞ்சு குளிர்ந்தது. அந்தக் காலை உனக்கு நினைவிருக்கும். கிணற்றடியிலிருந்து குசினி அடுப்பு வரைக்கும் மரம் நீட்டி நிமிர்ந்து கிடந்தது. ஊரில் பாதிக் கூரை இல்லை. நாம் மூன்று பேரும் உயிரோடு வெளியே வந்து நின்றபோது நீ முதன்முதல் சொன்ன வார்த்தை, 'யா அல்லாஹ், மரம் நிறையப் பிஞ்சு கிடந்ததே' என்பதுதான். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாய் வந்தது. இப்போதும் பலாப் பலகையில் கை வைத்தால் உன் அந்தக் குரல் கேட்கிறது. இங்கே பட்டறையில் நாளுக்குப் பத்துப் பலகையில் கை வைக்கிறேன்.

சரி, கதவுக்கு வருகிறேன். முதலாவது, இப்போது ஒன்றும் பூசாதே. மாரி இன்னும் ஓயவில்லை. மரம் நம்மைப் போல்தான், கூதல் காலத்தில் உள்ளுக்கு ஈரத்தை வைத்துக்கொண்டு வெளியே காய்ந்த முகம் காட்டும். பங்குனி வெயில் ஏறட்டும். அதுவரை கதவை நிறுத்தாமல், இரண்டு கட்டையின் மேல் படுக்கப் போட்டு, நாளுக்கொரு பக்கம் திருப்பி வைக்கச் சொல்லு.

இரண்டாவது, மண் கடதாசி. ரேகை ஓடும் பக்கம்தான் தேய்க்க வேண்டும், குறுக்கே தேய்த்தால் கீறல் விழும். கீறல் முதலில் கண்ணுக்குத் தெரியாது. பூச்சுப் பட்டவுடன் எல்லாம் எழும்பி நின்று முகத்தைப் பார்க்கும். தேய்த்து முடிந்ததும் ஈரத்துணியால் ஒருதரம் துடைத்துக் காயவிட்டால் மரத்தில் மயிர் எழும்பும். அதையும் தேய்க்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பார். நதீரா பிறந்து நாற்பதாம் நாள் அவள் முதுகைத் தடவினாயே, அப்படி இருந்தால் போதும்.

பிறகு முதல் பூச்சு. சுபைறா, அதை நீ ஒருநாளும் பக்கத்தில் நின்று பார்த்ததில்லை. தேய்த்த பலகை மா பூசின முகம் போல் வெளிறிக் கிடக்கும். துணியை நனைத்து ஒரு இழுப்பு இழுத்ததும், அந்த இடத்தில் மட்டும் நிறம் எழும்பும். உள்ளே கிடந்த ரேகை எல்லாம் மெல்ல மேலே வரும். எனக்கு வேலை மறந்துபோகும். பட்டறையில் கூரைக்கு நடுவே நாலு கண்ணாடி ஓடு போட்டிருக்கிறார்கள். பத்து மணிக்கு அதன் வழியாக வெயில் இறங்கி, பூசின பலகையில் விழுந்து, கொஞ்சம் கொஞ்சமாய் நகர்ந்துபோகும். நான் அதன் பின்னாலேயே நகர்ந்து பூசுவேன். எங்கள் பெரிய பாஸ் பியதாச, சிங்களத்தில், என்னைக் காட்டி, 'நாநா திரும்பவும் கல்முனைக்குப் போயிட்டார், பஸ் எடுக்காமல்' என்று சொல்லிச் சிரிப்பார். அவருக்கு நம் ஊர்ப் பக்கம் எல்லாம் கல்முனைதான், ஆனாலும் சொல்வது பொய் இல்லை.

எதைப் பூசுவது என்று கல்முனையில் யாரைக் கேட்டாலும் பொலிஷ் என்றுதான் சொல்வார்கள். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பஞ்சால் தேய்க்கிற அதே வேலை, நான் பதினைந்து வருடம் செய்தது. இரண்டு நாளில் முடியும், முகம் பார்க்கலாம். அலுமாரிக்கும் கட்டிலுக்கும் அது சரி. கடலைப் பார்த்து நிற்கிற கதவுக்கு ஆகாது. ஒரு மழைச்சாரல் பட்டால் வெள்ளை பூத்துவிடும். அதோடு அந்த வாசம் வீட்டுக்குள் வந்தால் உனக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், அதை இதில் எழுத வேண்டியதில்லை. ஆகவே டின்னில் வருகிற வார்னிஷ் வாங்கி, வெயில் காலத்தில், மெல்லிசாய் இரண்டு தரம் பூசச் சொல்லு.

இங்கே பகலில் நல்ல வெயில், பின்னேரத்தில் மழை. கபூர் மச்சானுக்கு என் ஸலாத்தைச் சொல்லு, அவர் ஏற்றுக்கொண்டால். மகளுக்கு என் துஆ எப்போதும் உண்டு.

உன் கணவன்,
ஸைனுலாப்தீன்

*

சாய்ந்தமருது
2.2.1981

நதீராவின் வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் இருக்கிறோம். எனக்கு எழுத ஆசை வந்து இதை எழுதவில்லை. கதவு கெட்டுப்போனது, அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் எழுதின நாலு பக்கத்தில் மூன்று பக்கம் மரம் முழிக்கிற கதை, வெயில் நடக்கிற கதை. எனக்கு வேண்டியது எங்கே கிடக்கிறது என்று தேடிப் பிடிக்கவே அரை நாள் போனது. பங்குனி மட்டும் காத்திரு என்றீர்கள். நான் காத்திருப்பேன், நிந்தவூர்ச் சம்பந்தி காத்திருப்பாவா? மாப்பிள்ளையின் உம்மா போன கிழமை வீடு பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினா. கபூர் காக்கா வந்து நின்று, கூடப்பிறந்த உரிமையோடு, 'வெறும் பலகையக் காட்டி நம்மட மானத்த வாங்கப் போறியா புள்ள' என்று குதித்தார். அவரே ஒரு டின் வார்னிஷும் வாங்கி வந்தார்.

ஆள் பிடிக்க ஏலாது. வேளாண்மை வெட்டுத் தொடங்கிவிட்டது, கை கால் உள்ளவன் எல்லாம் வயல் வட்டைக்குள் நிற்கிறான். நானே பூசினேன். டின்னைத் திறந்தால் பாகு மாதிரிக் கிடந்தது, தூரிகை ஓடவில்லை. கொஞ்சம் இளக்குவோம் என்று தேங்காயெண்ணெய் விட்டேன். ஒரு சிரட்டை விட்டிருப்பேன். அதன் பிறகு நல்லாய் ஓடியது, மினுங்கியது. நதீராவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஊரில் எல்லாரும் எழும்பின வீட்டைப் பார்ப்பார்கள், என்னுடைய கதவைப் பார்த்து நிற்பார்கள் என்று எனக்குள் ஒரு பெருமையும் வந்தது. அல்லாஹ் அதற்குத்தான் தந்தான்.

ஒரு நாள் காயவில்லை. இரண்டு நாள் காயவில்லை. மூன்றாம் நாள் சம்பந்தி வந்தா. காக்கா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, வீடு தன்னுடைய கையால் எழும்பினது மாதிரி, கதவில் சாய்ந்து நின்று கதைத்தார். கதைத்து முடித்துவிட்டு விலகப் பார்க்கிறார், ஏலவில்லை. பல்லி வாலை விட்டுப் போகிற மாதிரிச் சட்டையின் முதுகை விட்டுவிட்டு வந்தார். அவர் சொன்னதைக் கேளுங்கள்: 'இந்த மரத்துக்குப் பால் இன்னும் வத்தல்லியா புள்ள? இது கதவா, பலாப்பழமா?' சம்பந்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா. நல்ல மனுசி, 'எங்கட வீட்டிலயும் இப்படித்தான் ஒருக்கா' என்று பொய் சொன்னா. நான் குசினிக்குள் போய் நின்றேன். இப்போது அந்தக் கதவில் கடல் மண், எறும்பு, ஆட்டு மயிர், எல்லாம் ஒட்டிக் கிடக்கிறது.

பிறகு றஸாக் ஓடாவி ஒரு ஆளைக் கூட்டி வந்தார், இரண்டு நாளில் பொலிஷ் போட்டுத் தருவானாம். அந்த ஆள் ஸ்பிரிட் போத்தலின் மூடியைத் திறந்தான். அவ்வளவுதான். மூடச் சொல்லி, தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டேன். றஸாக் ஓடாவிக்கு ஏன் என்று விளங்கவில்லை. உங்களுக்கு விளங்கும்.

பதினேழு கடிதம் போட்டேன் என்று கணக்குச் சொல்கிறீர்கள். நானும் ஒன்று சொல்கிறேன். காக்கா வீட்டில் மௌலூது ஓதி முடிந்து சனம் கலையும்போது, வாசல் கடப்படியில், எல்லாரும் பார்த்து நிற்க, 'உண்ட மாப்பிள குடிச்சிட்டு வந்திருக்கான்' என்று அவர் கத்தினார். நான் என்ன செய்தேன்? முக்காட்டை இழுத்துக்கொண்டு முன்னுக்கு வந்து, 'அல்லாஹ்வின் மேல் சத்தியம், அது பொலிஷ் வாசம், என்ட மாப்பிள ஒருநாளும் தொட்டதில்ல' என்றேன். பதினைந்து வருடமாக ஊருக்கு அதைத்தான் சொல்லி வந்தேன். நீங்கள் என் பக்கத்தில் நின்றீர்கள். தலையைக் குனிந்தீர்கள். வெட்கத்தில் குனிகிறீர்கள் என்று நினைத்து எனக்கு உங்கள் மேல் இரக்கம் வந்தது. எட்டாம் நாள் அரக்குப் போத்தல்களுக்குப் பின்னால் சாராயப் போத்தலை என் கையால் எடுத்தேன்.

மௌலவியிடம் ஆளனுப்பிக் கேட்டேன். தெரியாமல் செய்த சத்தியத்துக்கு உன் மேல் குற்றம் இல்லை என்றார். ஆனாலும் மூன்று நோன்பு பிடித்தேன். குடித்ததை நான் ஒருவேளை பொறுத்திருப்பேன், எத்தனை பொம்பளைகள் பொறுக்கிறார்கள். என் வாயில் அல்லாஹ்வின் பெயரை வைத்துப் பொய் சொல்ல விட்டுவிட்டுப் பக்கத்தில் நின்றீர்களே, அதுதான் எனக்கு ஆறவில்லை. அதனால்தான் உங்கள் உடுப்பைக் கடப்படியில் வைத்தேன். ஊர் வழக்கப்படி வீடு என்னுடையது, அதனால் வைக்க முடிந்தது.

இப்போது எனக்கு இரண்டு விஷயம் வேண்டும். ஸ்பிரிட் இல்லாமல், அந்த நாற்றம் இல்லாமல், மழைக்கும் உப்புக் காற்றுக்கும் நிற்கிற மாதிரிப் பூச ஏதும் உண்டா? ஓம் அல்லது இல்லை என்று ஒரு வரி எழுதுங்கள். மகள் அந்தக் கதவால்தான் மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு உள்ளே போகப் போகிறாள்.

மற்றது, நிக்காஹ் வைகாசி பிறந்ததும், றஜபு பதினைந்தில். வலியாக நின்று பெண்ணைக் கொடுக்க வேண்டியது பெற்ற வாப்பா, தாய்மாமனுக்கு அந்த இடம் இல்லை. அது மார்க்கம், என்னுடைய ஆசை இல்லை. அன்றைக்கு வாருங்கள். பின்னேரம் கொழும்பு பஸ் உண்டு.

நதீராவின் உம்மா

*

மொறட்டுவை
14.2.1981

அன்பு சுபைறாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

ஓம், உண்டு.

நீ கேட்ட ஒரு வரி அது. இனி எழுதுவதை நீ வாசிக்காமல் மடித்து வைத்தாலும் எனக்குக் கோபம் இல்லை.

நான் குடித்தேன். பதினேழு கடிதத்தில் இந்த இரண்டு சொல்லை நான் எழுதவில்லை. மழை பெய்தது, வெயில் எரித்தது, மீன் நல்லாய் இல்லை என்றெல்லாம் எழுதினேன். பேனா எடுக்கும்போதெல்லாம் இன்றைக்கு எழுதிவிடுவேன் என்றுதான் எடுப்பேன், முடிவில் மழையை எழுதி ஒட்டிவிடுவேன். என்னை ஒரு ஆம்பிளை என்று சொல்ல எனக்கே வெட்கமாய் இருக்கிறது.

அது தொடங்கியது ஒரு பெரிய பங்களாவில், தரையும் கதவும் பொலிஷ் போடப் போன இடத்தில். கூட வேலை செய்த ஆட்கள் வேலை முடிந்ததும் குடிப்பார்கள். ஒருநாள் எனக்கும் ஊற்றினார்கள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது, சொல்லவில்லை. அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என்ன பொய் சொல்வது என்று யோசித்துக்கொண்டு வந்தேன். நீ கடப்படியில் நின்று, 'இண்டைக்குப் பொலிஷ் வாசம் கூடக் கிடக்கு, போய்க் குளிங்க' என்றாய். சோப்பும் மாற்றிக் கட்டச் சாரமும் எடுத்துத் தந்தாய். அங்கேதான் நான் கெட்டேன். குடித்தாலும் குடிக்காவிட்டாலும் என் மேலில் ஒரே வாசம். உலகத்தில் வேறு எந்தக் குடிகாரனுக்கும் இப்படி ஒரு ஒளிப்பிடம் கிடைத்திருக்காது, அதை எனக்குக் கட்டித் தந்தது உன்னுடைய நம்பிக்கை. பதினான்கு மாதம் அதற்குள் ஒளிந்திருந்தேன். கபூர் மச்சான் அன்று சொன்னது உண்மை. நீ சத்தியம் பண்ண வாய் திறந்தபோது உன் கையைப் பிடித்து நிறுத்த எனக்கு நேரம் இருந்தது. அந்த நேரம் எவ்வளவு நீளமாய் இருந்தது என்று எனக்குத்தான் தெரியும்.

நீ மூன்று நோன்பு பிடித்ததை இந்தக் கடிதத்தில்தான் அறிந்தேன். அடுத்த நாளிலிருந்து நானும் பிடிக்கிறேன், மூன்றோடு நிறுத்தவில்லை.

வீட்டை விட்டு வந்த நாளுக்குப் பிறகு ஒரு துளியும் நாக்கில் படவில்லை. நம்பு என்று கேட்க மாட்டேன், நம்பினதற்குத்தான் உனக்கு அந்தப் பலன் தந்தேன். ஸ்பிரிட் வேலையையும் விட்டுவிட்டேன். பியதாச பாஸிடம், பொலிஷ் பக்கம் என்னைப் போடாதீர்கள் என்று கேட்டேன். அவர் காரணம் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, பின் பக்கத்தில் எண்ணெய்ப் பூச்சு வேலைக்கு மாற்றிவிட்டார். அங்கே ஆற்றின் காற்று வரும். அந்த வேலையில் அவசரம் என்று ஒன்றில்லை. பொலிஷ் போட்டவனுக்கு அது முதலில் பைத்தியம் பிடித்த மாதிரி இருக்கும். கையில் வேகம் இருக்கும், மரமோ நாளைக்கு வா, அடுத்த கிழமை வா என்று சொல்லும். மெல்ல மெல்ல எனக்கு அது பழகிவிட்டது, இப்போது வேறு வேலை செய்யச் சொன்னால் கை போகாது.

உன் கதவுக்கும் அதுதான், ஏழு கிழமை எடுக்கும் என்று முன்பு சொல்லாமல் விட்டேன். தேங்காயெண்ணெய் கலந்த வார்னிஷ் எந்தக் காலத்திலும் காயாது, அதற்குக் காயிற குணம் இல்லை. நீ அழாதே, நல்ல ஓடாவியும் செய்கிற பிழைதான். அதை முழுக்கச் சுரண்டி எடுத்து, டர்பன்டைனால் இரண்டு தரம் கழுவி, வெயில் காட்ட வேண்டும். டர்பன்டைன் நோவெண்ணெய் மாதிரி மணக்கும், உனக்குப் பிழையாய் இருக்காது. குங்கிலியத்தைப் பொடித்து அதில் மூன்று நாள் ஊறப் போட்டால் கரையும். வடித்து, காய்ச்சின லின்சீட், அதாவது ஆளி விதை எண்ணெயோடு கலந்தால் பூச்சு தயார். துணியில் தொட்டு, ரேகையோடு தேய்த்து ஊட்ட வேண்டும், கால் மணித்தியாலம் விட்டு மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். மிச்சம் நின்றால் பிசுபிசுக்கும். பிறகு ஒரு கிழமை சும்மா விட வேண்டும். மரம் குடித்துக் காயட்டும். ஏழு தரம், ஏழு கிழமை. நாற்பத்தொன்பது நாள். பதறாத காரியம் சிதறாது என்பார்கள், இந்தப் பூச்சுக்கு அது சரியான சொல். இத்தனை நாள் பொறுத்தால் அந்தக் கதவில் மழை முத்து முத்தாய் உருண்டு இறங்கும், ஒட்டாது. அதோடு வருடத்துக்கு ஒருதரம், மாரிக்கு முன்னால், ஒரு பூச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அதை மறந்தால் உப்புக் காற்று தின்றுவிடும்.

இதையெல்லாம் அளவோடு வேறொரு தாளில் எழுதி இதனோடு வைத்திருக்கிறேன். றஸாக் ஓடாவியிடம் கொடுத்தால் அவர் செய்வார். நான் நிக்காஹ் அன்று வந்து, வலியாக நின்று, நீ சொன்ன பஸ்ஸில் ஏறிவிடுவேன். ஒரு சொல் கூடக் கதைக்க மாட்டேன். அது ஒரு வழி.

மற்ற வழியையும் எழுதிவிடுகிறேன், இந்த முறை மழையை எழுதி ஒட்ட மாட்டேன். நீ சம்மதித்தால் பங்குனி நடுவில் எண்ணெயோடு நானே வருகிறேன். புதுவீட்டுக்குள் ஒரு பாயில் கிடப்பேன். சாப்பாட்டை றஸாக் ஓடாவி வீட்டில் பார்த்துக்கொள்வேன். உன் வீட்டுப் படியில் கால் வைக்க மாட்டேன். நாற்பத்தொன்பது நாளும் என்னை நீ கிட்ட நின்றும் பார்க்கலாம், எட்ட நின்றும் பார்க்கலாம், பார்க்காமலும் விடலாம்.

நேற்று லுஹர் தொழுதுவிட்டுப் பலகைக்குப் பக்கத்தில் கொஞ்சம் கண்ணயர்ந்தேன். நம் கதவைக் கண்டேன். ஏழு பூச்சும் முடிந்து கடலைப் பார்த்து நிற்கிறது, பலகைக்குள் அலை மெதுவாய் ஏறி இறங்குவது தெரிகிறது. நீ உள்ளே நிற்கிறாய் என்று எனக்குத் தெரியும். நீ கதவைத் திறக்கவும் இல்லை, பூட்டவும் இல்லை. உள் பக்கத்தில் கை வைத்துத் தடவிப் பார்த்தாய், அந்தச் சத்தம் எனக்கு வெளியே கேட்டது. பியதாச பாஸ் தட்டி எழுப்பினார். முகம் நனைந்திருந்ததைப் பார்த்துவிட்டுத் தன் வேலைக்குப் போய்விட்டார்.

எந்த வழி என்று நீ சொன்னால் போதும். உனக்கும் மகளுக்கும் அல்லாஹ் நிம்மதியைத் தரட்டும்.

ஸைனுலாப்தீன்

*

சாய்ந்தமருது
5.3.1981

மச்சான்,

அஸ்ஸலாமு அலைக்கும். வேளாண்மை வீடு வந்து சேர்ந்துவிட்டது. நதீரா சுகமாய் இருக்கிறாள், உங்கள் கடிதத்தை ஒளித்து வாசித்துவிட்டு இரண்டு நாளாய் என்னைச் சுற்றிச் சுற்றி வருகிறாள்.

நீங்கள் எழுதின தாளை றஸாக் ஓடாவியிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டு எழுத்துக்கூட்டி வாசித்தார். 'ஏழு கிழமை ஒரு கதவுக்குக் காவல் கிடக்க என்னால ஏலா புள்ள. இது ஓடாவிட வேல இல்ல, வீட்டுக்காரன்ட வேல' என்று திருப்பித் தந்துவிட்டார். அவர் ஒன்றையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை, பாவம். ஆனாலும் நான் அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

காக்காவிடமும் சொன்னேன். 'உனக்கு விசரா, திரும்பவும் அவன எடுக்கப் போறியா' என்று சத்தம் போட்டார். நீங்கள் எழுதினதில் ஒரு பக்கத்தை மட்டும் அவருக்கு வாசித்துக் காட்டினேன், 'கபூர் மச்சான் அன்று சொன்னது உண்மை' என்று இருக்கிற பக்கம். மனுசன் அடங்கிப்போனார். தேத்தண்ணி கேட்டுக் குடித்துவிட்டுப் போனார். அடுத்த நாள் கதவைச் சுரண்ட ஆள் அனுப்பியிருக்கிறார்.

உங்கள் பதினேழு கடிதத்துக்கும் நான் ஏன் பதில் போடவில்லை தெரியுமா? ஒவ்வொன்றையும் உடைக்கும்போது இதில் இருக்கும், இதில் இருக்கும் என்றுதான் உடைப்பேன். மழை பெய்கிறது என்று இருக்கும். மீன் நல்லாய் இல்லை என்று இருக்கும். அதை எறியவும் மனம் வராது, மடித்து வைப்பேன். நீங்கள் குடித்தது எனக்குப் போத்தலைக் கண்ட அன்றே தெரியும். உங்கள் வாயால் எனக்குச் சொல்ல வேண்டும் என்று மட்டும்தான் இருந்தேன். அதற்கு ஒன்றரை வருடமா மச்சான்?

எல்லாம் ஆறிவிட்டது என்று நினைத்துக்கொண்டு வரவேண்டாம். ஆறவில்லை. ஆனாலும் வாருங்கள். புதுவீட்டில் பாய் போட்டு வைக்கிறேன். ஓடாவி வீட்டில் போய்ச் சாப்பிடுவது எங்களுக்குத்தான் வெட்கம், சோறு இங்கிருந்து வரும், நதீரா கொண்டு தருவாள். நாற்பத்தொன்பது நாள் என்றது மொறட்டுவைக் கணக்கு. இங்கே கடல் காற்றுக்கு ஒவ்வொரு பூச்சும் கூட நாள் எடுக்கும் என்று றஸாக் ஓடாவி சொல்கிறார், ஆகையால் பங்குனி நடு வரைக்கும் நிற்காதீர்கள். மற்றது, வருடத்துக்கு ஒருதரம் பூசிக்கொண்டே இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு வருடா வருடம் அவ்வளவு தூரத்திலிருந்து யார் வந்து போவது? அதைப் பியதாச பாஸிடம் நீங்களே யோசித்துச் சொல்லிவிட்டு வாருங்கள்.

ஒன்றை இப்போதே சொல்லிவைக்கிறேன். இனி உங்களுக்காக நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஊரில் யாராவது என்னைக் கேட்டால், 'கிட்டப் போய் மோந்து பாருங்க' என்றுதான் சொல்லுவேன். அப்படிச் சொல்லும்போது என் தலை நிமிர்ந்திருக்க வேண்டும். அதற்கு அல்லாஹ் உங்களுக்கு உதவி செய்யட்டும், ஒவ்வொரு தொழுகையிலும் அதைத்தான் கேட்கிறேன்.

சுபைறா